மேல ஒண்ணு, கீழ ஒண்ணு

பேச்சிமுத்து தீயணைப்பு உருளையைத் தலைக்கு மேலே தூக்கி நான்காவது தடவையாகக் கதவில் இடித்தான். இரும்புக் கதவு ஒரு முறை அதிர்ந்துவிட்டுப் பழையபடி நின்றது. நகக்கண் அளவுக்குப் பெயிண்ட் உதிர்ந்ததுதான் மிச்சம்.

"கதவுக்குச் சேதம் பதிவாகிறது," என்றது கூரையிலிருந்து ஒரு பெண் குரல். ரயில் தாமதத்தை அறிவிக்கிற குரலைப் போலப் பதற்றமே இல்லாத குரல். "புகை உறுதியாகவில்லை. பணியாளர்கள் அமைதி காக்கவும்."

"இன்னொரு தபா அமைதின்னு சொல்லட்டும், அந்த ஸ்பீக்கரைப் புடுங்கி அடுப்புல வெக்கிறேன்," என்றாள் எல்லம்மா, இருமலுக்கு நடுவே. பேக்கிங் பிரிவுக்கு மேஸ்திரி அவள். அவளுக்குப் பின்னால் பெண்களும் ஆண்களுமாக ஒரு கும்பல், புடவைத் தலைப்பாலும் சட்டைக் காலராலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது.

ஒரகடத்தைத் தாண்டி இருந்த மூன்றாம் கிடங்கு அது. நூறு மீட்டர் நீளம், பதினெட்டு மீட்டர் உயரம், ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. கத்திரி வெயில், மதியம் இரண்டரை மணி. வடக்கு மூலையில் பேட்டரி வண்டிகள் சார்ஜ் ஏறும் இடத்தில், அடுக்கியிருந்த ஸ்பான்ச் மெத்தைகள் உள்ளுக்குள்ளேயே கனிந்து புகைந்துகொண்டிருந்தன. தீ கண்ணில் படவில்லை. சார்ஜர் வயரைப் பிடுங்கிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போன ஆபரேட்டர் தேவராஜ் இன்னும் வரவில்லை. இரண்டு பேர் தேடிப் போய், மூச்சு முட்டித் திரும்பிவிட்டார்கள்.

மொத்தம் நாற்பத்திரண்டு பேர். புகைக் கருவிகளின் வருடாந்தர ஆய்வுக்கென்று காலையில் வந்த பேச்சிமுத்துவையும், அவனுடைய மேலதிகாரி சாருமதி மேடத்தையும் சேர்த்து.

"மேடம், பேனல் என்ன காட்டுது?"

சாருமதி கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு கோடுகள். இரண்டும் பச்சை. ஒன்றின் கீழே 'மேல பீம்', இன்னொன்றின் கீழே 'கீழ பீம்'.

"பச்சைன்னா?" என்றாள் எல்லம்மா.

"புகையே இல்லைன்னு அர்த்தம்."

"இது புகை இல்லாம சாம்பிராணியாம்மா? எங்க கண்ணு எரியுது, மூக்கு எரியுது. அது போதாதா?"

"போதாது. சட்டம் அப்படி."

சட்டம் வந்து ஆறு வருடமாகிறது. ஒரு கண்காட்சி அரங்கத்தில் எவனோ வேடிக்கைக்குத் தீ, தீ என்று கத்தப்போய், நெரிசலில் அறுபத்து மூன்று பேர் மிதிபட்டுச் செத்தார்கள். அன்றைக்கு அங்கே ஒரு பீடிகூட எரியவில்லை. அதற்குப் பிறகு, மனிதன் சொன்னால் கதவு திறக்கக் கூடாது, கருவி சொன்னால்தான் திறக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். கண்ணாடியை உடைத்து அழுத்துகிற சிவப்புப் பெட்டிகளைச் சுவர்களிலிருந்து கழற்றினார்கள். பெரிய கட்டடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மின் மூளை. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் சாட்சி. திருட்டுப் போகாமலிருக்க ஷிப்ட் முடியும்வரை கதவைப் பூட்டி வைக்கவும் அதே சாட்சியை முதலாளிகள் பயன்படுத்திக்கொண்டார்கள். வெளியே நிற்கும் காவலாளியிடம் சாவி இல்லை. சாவி என்ற பொருளே இல்லை. செல்போன்கள் வாசல் லாக்கரில் கிடந்தன. டேப்லெட் சாட்சியோடு மட்டும்தான் பேசும்.

"அந்த பீமுன்றது இன்னாதும்மா? அதுக்கு மட்டும் ஏன் தெரியல?"

பேச்சிமுத்து பதில் சொன்னான். "ஒண்ணுமில்லக்கா. அந்தச் சுவத்துல ஒரு கண்ணு, இந்தச் சுவத்துல ஒரு கண்ணாடி. கண்ணுலேருந்து வெளிச்சம் போயி, கண்ணாடியில பட்டுத் திரும்பி வரும். நடுவுல புகை வந்தா வெளிச்சம் மங்கும். மங்குனா கதவு திறக்கும்."

"அதான் இவ்ளோ புகை வந்துக்கினு கீதே."

"மேல பாருங்கக்கா."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மூலையிலிருந்து கிளம்பிய புகை, பாதி உயரம்வரை நேராக ஏறியது. அங்கே எதிலோ முட்டிக்கொண்டதைப் போல நின்று, பக்கவாட்டில் பரவியது. கல்யாண வீட்டில் பந்தல் துணி கட்டியதைப் போல ஒரு சாம்பல் விரிப்பு. அதற்கு மேலே, கூரைவரைக்கும் காற்று தெள்ளத்தெளிவாக இருந்தது.

"தகரக் கூரையில வெயில் காய்ஞ்சு, அதுக்கடியில சூட்டுக் காத்து மெத்தை மாதிரி கிடக்கு," என்றாள் சாருமதி. "கனியற தீயோட புகைக்கு அதைத் தள்ளிட்டு ஏற வலு கிடையாது. கூரையை ஒட்டி இருக்கிற பீமுக்கு இது தெரியவே தெரியாது."

"அப்ப கூரையில போட்டது தப்பு."

"அது மட்டும் போட்டா தப்பு. அதுக்காகத்தான் ஒன்பது மீட்டர் உயரத்துல இன்னொண்ணு போடணும்னு விதி இருக்கு."

"போட்டா இன்னா கஷ்டம்?"

"வெளிச்சம் போற வழியில ஒரு பெட்டிகூடக் குறுக்க இருக்கக் கூடாது. கிடங்கு நீளத்துக்கும் அந்த உயரத்துல மூணு அடுக்கு காலியா விடணும்."

எல்லம்மா கூரைவரை நெருக்கி அடைத்திருந்த ரேக்குகளைப் பார்த்தாள். "உட்ருவாரா எங்க மொதலாளி," என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, குனிந்துகொண்டாள்.

சாருமதி டேப்லெட்டில் எதையோ கணக்கிட்டாள். "புகை நிமிஷத்துக்கு அரை மீட்டர் இறங்குது. இப்ப அதோட அடி ஏழு மீட்டர்ல இருக்கு. தலைக்கு வர பதினோரு நிமிஷம்."

பேச்சிமுத்து அதைக் கேட்கவில்லை. அவன் அந்தச் சாம்பல் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது மீட்டர். புகை நிற்பது சரியாக அங்கேதான். அங்கே ஒரு கண்ணும் இல்லை. ஒரு கண்ணாடியும் இல்லை. இந்தக் கிடங்கில் இரண்டையும் மாட்டியவன் அவன்தான்.



இரண்டு வருடத்துக்கு முந்தைய சம்பவம். கிண்டியில் ஒரு மாடி அலுவலகம், வெளியே பெஞ்சில் ஐடிஐ படித்த பதினோரு பேர். அவன் முறை வந்தபோது சாருமதி மேடம் சர்டிபிகேட்டைப் புரட்டக்கூட இல்லை. கேட்டதெல்லாம் ஊரைப் பற்றித்தான். ஊரில் வீடு எந்தத் தெரு? சொன்னான். அடுத்த வாரம் வந்து சேர் என்றாள். தெருப் பேரைச் சொல்லி வேலை வாங்கினவன் என்று பேச்சிமுத்து அதைப் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்வான். அவன் பார்த்த முதல் வேலை இந்த மூன்றாம் கிடங்கு. வரைபடம் கைக்கு வரவில்லை. போனில் மேடம் சொன்னது ஒரே வரி: "பேச்சிமுத்து, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டுதான். முடிச்சிரு."

முடித்தான். மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. இரண்டும் பதினேழு மீட்டரில், கூரையை ஒட்டி. சேரன்மாதேவிக்கு அந்தப் பக்கத்து ஆளுக்கு மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? தாங்கியை முடுக்குவதோடு அவன் வேலை தீர்ந்தது. ஒளியை நேர்ப்படுத்துகிற ஆள் மறுநாள் வருவார் என்றார்கள். அவன் அதற்குள் வேறு கிடங்குக்குப் போய்விட்டான்.

"மேடம்." குரல் அவனுக்கே கேட்கவில்லை. "மேடம், கீழ பீம் கீழ இல்ல."

"என்ன சொல்ற?"

"கிழக்கால இருக்கு. கூரையில. நீங்க கீழன்னு சொன்னீங்க, நான் எங்க ஊர்ப் பேச்சுல கிழக்குன்னு எடுத்துக்கிட்டேன். நான்தான்... இத்தனை பேரையும் நான்தான்..."

சாருமதி அவனையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் வரவில்லை.

"அடப்பாவி," என்றாள் எல்லம்மா. "ஒரு வார்த்தையில வெச்சியேப்பா ஆப்பு."

"அதை அப்புறம் பேசலாம்," என்றாள் சாருமதி. "புகை பீமுக்குப் போகாது. பீமுக்கு நாம புகை காட்டணும்."

"ஏறிப் போயி ஒரு அட்டையை வெச்சு மறைச்சா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"சட்டுனு மறைச்சா சாட்சிக்குச் சந்தேகம் வந்துரும். பறவை உக்காந்துருச்சு, பெட்டி மறைக்குதுன்னு அந்த பீமையே அரை மணி நேரம் ஒதுக்கி வெச்சிரும். புகை மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மங்கணும். முப்பத்தஞ்சு சதவீதம் மங்கி, பத்து வினாடி அப்படியே நிக்கணும்."

பேச்சிமுத்துவின் கண் பேக்கிங் மேஜை மேல் போய் நின்றது. பெட்டிகளைச் சுற்றுகிற பிளாஸ்டிக் தாள். கண்ணாடி மாதிரி மெல்லிசு. ஒரு சுற்றுக்கு மேல் ஒரு சுற்றாகச் சுற்றினால் மெதுவாக மங்கும்.

"நான் ஏறுதேன் மேடம்."

"கிழக்கு மூலை ரேக் வழியா ஏறு. பதினாலாம் தூண்ல வலது கை நீட்டினா கண்ணாடி எட்டும்," என்றாள் சாருமதி. "அவசரப்படாத. ஒரே வாய்ப்புதான்."

எல்லம்மா குடிதண்ணீர் கேனைச் சாய்த்துத் தன் தோள் துண்டை நனைத்து அவன் முகத்தில் கட்டினாள். கொஞ்சம் இறுக்கியே கட்டினாள். "நீ பண்ண கோராமைக்கு நீயே ஏறு. ஆனா உயிரோட எறங்கு. உன்னைத் திட்ட எனக்கு ஆள் வேணும்."

ரேக்கின் இரும்புச் சட்டங்கள் ஏணிப்படி மாதிரிதான் இருந்தன. முதல் ஆறு மீட்டர் சுலபம். ஏழில் புகை தொடங்கியது. மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான். கண்ணைத் திறக்க முடியவில்லை. கை சட்டத்தைத் தேடியது, கால் கையைத் தேடியது. எண்ணிக்கொண்டே ஏறினான். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. தேவராஜ் இந்த மாதிரிதான் எண்ணியிருப்பானோ என்று நினைத்தான். நினைத்ததும் ஒரு கை வழுக்கியது. இன்னொரு கை பிடித்துக்கொண்டது. பதினொன்று. பன்னிரண்டு.

தலை புகைக்கு மேலே வந்தது.

மேலே அடுப்புக்குள் நுழைந்ததைப் போல இருந்தது. இரும்பு உள்ளங்கையைச் சுட்டது. ஆனால் காற்று இருந்தது. கீழே பார்த்தான். சாம்பல் நிறக் கடல். அதற்கடியில் நாற்பது பேர் இருமுகிற சத்தம் மட்டும் வந்தது.

பதினாலாம் தூண். வலது கையை நீட்டினான். கண்ணாடி சரியாகக் கைக்கு எட்டியது.

உள்ளங்கையளவு சதுரம், பூனைக்கண் மாதிரி மின்னியது. பிளாஸ்டிக் தாளை இழுத்து முதல் சுற்றுச் சுற்றினான். கீழே டேப்லெட்டில் எண் மாறியிருக்க வேண்டும். சாருமதி படிப்பதை எல்லம்மா வாங்கிக் கத்தினாள்.

"நாலு!"

இன்னொரு சுற்று. பத்து எண்ணிக்கைக்குக் காத்திருந்தான். இன்னொன்று.

"எட்டு... பதினொண்ணு..."

கொஞ்ச நேரத்தில் எல்லம்மாவின் தொண்டை கட்டிவிட்டது. அவளுக்குப் பதில் இன்னொருத்தி கத்தினாள். அப்புறம் கூட்டமே சேர்ந்து கத்தியது. "பதினெட்டு. இருவத்தி ரெண்டு." பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி கேட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் குரல்கள் குறைந்துகொண்டே வந்தன. வேகமாகச் சுற்றிவிடத் துடித்த கையை அவன் பல்லைக் கடித்துப் பிடித்து வைத்தான்.

"இருவத்தி ஏழு. முப்பத்தி ஒண்ணு."

அடுத்த சுற்றுக்கு இழுத்தபோது வெறும் அட்டைக் குழல்தான் கையில் வந்தது. தாள் தீர்ந்துவிட்டது.

முப்பத்தொன்று. நாலு குறைகிறது. கீழே எண் சொல்வது நின்றுபோயிருந்தது. யாரோ விழுகிற சத்தம் கேட்டது. பேச்சிமுத்து தன் கைகளைப் பார்த்தான். புகைக்குள் ஏறி வந்ததில் இரண்டு உள்ளங்கையும் கரிபூசிக் கிடந்தன. வலது கையைப் பிளாஸ்டிக்கின் மேல் வைத்து, குழந்தைக்குப் பவுடர் போடுகிறவனைப் போல மெதுவாகத் தேய்த்தான். ஓரத்திலிருந்து நடுவுக்கு. வியர்வையும் கரியும் சேர்ந்து மெல்லிய படலமாகப் படிந்தது.

"முப்பத்தி மூணு." ஒரே ஒரு குரல். யாருடையது என்று தெரியவில்லை.

கண்ணாடியின் விளிம்பில், தாங்கிக்கு உட்பக்கமாக அவன் விரல் எதிலோ தட்டியது. ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர். நேர்ப்படுத்திய ஆள் ஒட்டிவிட்டுப் போனது. பேனாவால் இரண்டு வரி எழுதியிருந்தது. அதைப் படித்தான். கை நின்றது. இன்னொரு தடவை படித்தான்.

பிறகு நகத்தால் அதைக் கிழியாமல் உரித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இடது கைக் கரியையும் கண்ணாடியில் தேய்த்தான்.

பத்து வினாடியை எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு... எட்டு, ஒன்பது.

"புகை உறுதியானது," என்றது பெண் குரல், முன்னைப் போலவே நிதானமாக. "கதவுகள் திறக்கப்படுகின்றன. பணியாளர்கள் வரிசையாக வெளியேறவும்."

வெளியே லாரிகள் நிற்கிற சிமெண்ட் தரையில், ஒரு கண்டெய்னரின் நிழலில் உட்கார்ந்திருந்தான் பேச்சிமுத்து. இரண்டு கையிலும் ஈரத் துணி சுற்றியிருந்தது. எதிரே கிடங்கின் வாசலில் தீயணைப்பு வண்டிகளின் குழாய்கள் பாம்புகளாகக் கிடந்தன. ஐந்து பேரை ஆம்புலன்ஸ் கொண்டுபோயிருந்தது. தேவராஜைக் கடைசியில் தூக்கி வந்தார்கள். அவன் முகத்தை மூடியிருந்தது எல்லம்மாவின் புடவைத் தலைப்பு. அவள் அந்த ஸ்ட்ரெச்சரோடு ஒட்டியே நடந்து போனாள். போகிறபோது பேச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

சாருமதி ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்து, அவனால் பிடிக்க முடியாததால் அவளே வாயில் ஊற்றினாள்.

"விசாரணை அதிகாரி வந்துட்டார்," என்றாள். "காவலாளி ரூம்ல பேசிட்டு இருக்கார். உன்கிட்டதான் முதல்ல வருவார்."

"சரி மேடம்."

"பயப்படாத. நடந்ததை அப்படியே சொல்லு. மேல கீழன்னு சொன்னாங்க, எங்க ஊர்ல அதுக்கு வேற அர்த்தம், அதனால கிழக்குல போட்டுட்டேன். அவ்வளவுதான். யாரும் வேணும்னு செஞ்சதில்ல. பாஷையோட தகராறு. பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கு. மிஞ்சினா ரெண்டு வருஷம் லைசென்ஸை முடக்குவாங்க. நான் வக்கீல் பாத்துக் குடுக்கறேன். உன் குடும்பத்துக்கும் ஒரு குறையும் வராது."

"கீழேருந்தே பதினாலாம் தூணுன்னு சொன்னீங்கல்லா மேடம். வலது கையை நீட்டச் சொன்னீங்க."

சாருமதி பாட்டிலின் மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே இறுகியிருந்தது.

"வரைபடத்துல பாத்திருப்பேன்."

"வரைபடத்துல அது ஒன்பது மீட்டர்லல்லா இருக்கும்."

 காவலாளி அறையின் கதவு திறந்து, காக்கிச் சட்டையும் கையில் கோப்புமாக ஒருவர் அவர்களை நோக்கி நடக்க ஆரம்பித்தார். முற்றம் பெரியது. வந்து சேர ஒரு நிமிடம் ஆகும்.

பேச்சிமுத்து துணி சுற்றிய கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, இரண்டு விரல் நுனியால் ஸ்டிக்கரை எடுத்தான். அவள் பார்க்கிற மாதிரி முழங்கால் மேல் வைத்தான். ஓரத்தில் கரி அப்பியிருந்தது. எழுத்து அழியவில்லை.

கீழ பீம். உயரம் 9 மீ.
நேர்ப்படுத்திச் சரிபார்த்தது: சாருமதி.

"இது அந்தக் கண்ணாடி மேல ஒட்டியிருந்துச்சு மேடம். ஒன்பது மீட்டருன்னு எழுத, நீங்க பதினேழு மீட்டர் ஏறியிருக்கீங்க. முதலாளிக்கு மூணு அடுக்கு மிச்சம்."

அவள் ஸ்டிக்கரைப் பார்த்தபடியே இருந்தாள். எடுத்துக் கிழிக்கலாம். அவனால் தடுக்க முடியாது. ஆனால் அவள் கை மடியிலேயே கிடந்தது. அதிகாரி பாதி முற்றத்தைக் கடந்துவிட்டார்.

"இன்டர்வியூல எந்தத் தெருன்னு கேட்டீங்க," என்றான் பேச்சிமுத்து. "கீழத் தெருன்னு சொன்னேன். பள்ளத்துல இருக்கான்னு கேட்டீங்க. இல்ல மேடம், கிழக்கால இருக்கு, எங்க பக்கம் கிழக்கைக் கீழன்னுதான் சொல்லுவோம்னேன். சிரிச்சீங்க. என் பேச்சு உங்களுக்குப் பிடிச்சுப் போச்சுன்னுல்லா இத்தனை நாளா நினைச்சிக்கிட்டிருந்தேன்."

சாருமதி நிமிர்ந்து கிடங்கைப் பார்த்தாள். கதவு இன்னும் திறந்தே கிடந்தது.

"பதினோரு பேர்கிட்டயும் அதே கேள்வியைத்தான் கேட்டேன், பேச்சிமுத்து," என்றாள். "நீ ஒருத்தன்தான் கிழக்கைக் கீழன்னு சொன்ன."